கேன்சர் ஊசி வந்தாச்சுன்னு போடறீங்களே, யாருக்குன்னு ஒரு வரி போடக்கூடாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேப்ல 31 வருஷம் எச்.எல்.ஏ டைப்பிங் பார்த்துட்டு ரிட்டயர் ஆனவ நான். கிட்னி மாத்துறதுக்கு முன்னாடி கொடுக்கிறவங்க ரத்தமும் வாங்கிக்கிறவங்க ரத்தமும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பாங்கள்ல, அந்த வேலை. பேப்பருக்கு லெட்டர் எழுதுறது இதுதான் முதல் தடவை. நீளமா போயிடுச்சுன்னா நீங்க வெட்டிக்கோங்க, ஆனா நடுவுல வர்ற எச்.எல்.ஏ சமாச்சாரத்தை மட்டும் வெட்டிடாதீங்க, அதுக்காகத்தான் எழுதுறேன்.

போன மாசம் எங்க மதினி வீட்டுக்கு வந்தாங்க. கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அண்ணனுக்கு வாய்ப்புற்றுநோய், 40 வருஷம் வெத்தலை பாக்கு புகையிலை, ஒரு தடவை ஆபரேஷன் ஆகி ரேடியேஷனும் முடிஞ்சு இப்ப கழுத்துல திரும்ப வந்திருக்கு. ஃபைலைத் திறந்தா பயாப்ஸி ரிப்போர்ட், சி.டி, பெட் ஸ்கேன், அதுக்கெல்லாம் மேல முதல் கவர்ல ஒரு பேப்பர் கட்டிங். கத்தரிக்கோலால நேரா வெட்டி, ஓரம் மடங்காம வச்சிருந்தாங்க. புற்றுநோய்க்கு தடுப்பூசி ரெடின்னு தலைப்பு. "ஏம்மா, நீ லேப்ல இருந்தவதானே, இந்த ஊசி எங்க கிடைக்கும்னு கேட்டு சொல்லேன், நகையை வச்சாவது போட்ருவோம்"னு கேட்டாங்க. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை, காபி போட்டு கொடுத்துட்டு கட்டிங்கை இன்னொரு தடவை படிச்சேன். எட்டு வரி செய்தி. ஊசிக்குள்ள என்ன இருக்கு, எந்த கேன்சருக்கு, எத்தனை பேருக்கு போட்டுப் பார்த்தாங்க, ஒண்ணுமே இல்லை.

2024 டிசம்பர்ல ரஷ்யா பக்கமிருந்து எம்.ஆர்.என்.ஏ (எந்த புரோட்டீனை செய்யணும்னு செல்லுக்கு சொல்ற குறிப்புச் சீட்டு மாதிரி) கேன்சர் ஊசி 2025-ல இலவசமா கொடுக்கப் போறோம்னு செய்தி வந்துச்சே, அப்பவும் இதே கதைதான், எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புல மட்டும் நாலு பேர் ஃபார்வர்ட் பண்ணாங்க. அதுல முதல் தப்பே அந்த தடுப்பூசிங்கற வார்த்தைதாங்க. தடுப்பூசின்னா நம்ம ஜனங்களுக்கு போலியோ, அம்மை, கொரோனா, அதாவது நோய் வர்றதுக்கு முன்னாடி போடறது. அப்படிப்பட்டதும் கேன்சர்ல இருக்கு, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு எச்.பி.வி ஊசி இருக்கு, ஈரல் புற்றுநோய்க்கு ஒரு பெரிய காரணமான ஹெபடைடிஸ் பி-க்கு பிறந்த குழந்தைக்கே போடறாங்க. அதெல்லாம் வைரஸைத் தடுக்கிற ஊசி. செய்தியில வர்ற ஊசி வேற, அது நோய் வந்த பிறகு போடற மருந்து, அந்த நோயாளியோட கட்டியில இருக்கற அடையாளத்தை அவங்க உடம்புக்கே காட்டிக் கொடுக்கிற மருந்து. ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சிட்டீங்கன்னா, எச்.பி.வி ஊசி போட வேண்டிய பொண்ணு வீட்டுல பெரிய ஊசி வரட்டும்னு காத்திருப்பாங்க, இங்க மதினி நகையை எடுத்துட்டு கிளம்புவாங்க.

சரி அந்த அடையாளம்னா என்ன? பெப்டைட்னு சொல்வாங்க. எனக்கு தெரிஞ்ச மாதிரி சொல்றேன். கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சு இலை எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த இலை ஓரத்தைப் பார்த்தாலே உள்ள என்ன சமைச்சாங்கன்னு சொல்லிடலாம்ல, முருங்கைக்காய் சக்கை கிடந்தா என்ன சாம்பார்னு தெரியும், சமையக்கட்டுக்குள்ள போகவே வேண்டாம். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள செய்யற புரோட்டீனை எல்லாம் வேலை முடிஞ்சதும் துண்டு துண்டா வெட்டுது, அதுல சில துண்டுகளை, இதுதான் பெப்டைட், பெரும்பாலும் 8-லிருந்து 10 அமினோ அமிலம் (புரோட்டீன் மாலையில கோத்திருக்கற மணி மாதிரி) நீளம்தான் இருக்கும், மேல கொண்டு வந்து வெளிய வைக்குது. வைக்கிறதுக்கு ஒரு தட்டு வேணும்ல, அந்த தட்டுதான் எச்.எல்.ஏ. டி செல்லுன்னு ஒரு வகை வெள்ளை அணு சுத்தி சுத்தி வந்து இந்த இலை ஓரத்தைத்தான் பார்க்கும், செல்லுக்கு உள்ள எட்டிப் பார்க்க அதால முடியாது. வழக்கமா கிடக்கிற சக்கையா இருந்தா போயிக்கிட்டே இருக்கும், சைவ கல்யாணத்துல இலை ஓரமா ஒரு மீன் முள்ளு கிடந்தா அந்த செல்லை அங்கேயே காலி பண்ணிடும். டி செல்லு இப்படி பெப்டைடையும் தட்டையும் சேர்த்துத்தான் பார்க்குதுன்னு கண்டுபிடிக்கறதுக்கு 1974-ல ஆஸ்திரேலியாவுல கான்பெராவுல ரெண்டு பேர் எலியை வச்சு வழியைத் திறந்து விட்டாங்க, சிங்கர்நாகல், டோஹர்ட்டின்னு, 1996-ல நோபல் கிடைச்சுது.

இப்ப என் ஏரியாவுக்கு வர்றேன். எல்லார் வீட்டுலயும் ஒரே தட்டு கிடையாது. அம்மாகிட்டயிருந்து ஒரு செட், அப்பாகிட்டயிருந்து ஒரு செட், ஏ, பி, சி-ன்னு மொத்தம் ஆறு தட்டு வரைக்கும் ஒருத்தருக்கு இருக்கும், அதுல ஏ-லயே ஆயிரக்கணக்குல ரகம் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பள்ளம், அந்த பள்ளத்துக்கு ஒரு பிடிவாதம். ஏ2-ங்கற ரகம்னா துண்டோட ரெண்டாவது இடத்துல லூசின்ங்கற அமினோ அமிலம் மாதிரி ஒண்ணு இருக்கணும், கடைசியில வேலின் இல்லைன்னா லூசின் இருக்கணும். ஏ24-ன்னா ரெண்டாவது இடத்துல டைரோசின் கேட்கும். ஏ2-ல அழகா உட்கார்ற துண்டு ஏ24-ல உட்காராம வழுக்கிட்டு போயிடும். ஒரு கேன்சர் பெப்டைடை கண்டுபிடிச்சு ஊசியாக்கினாலும் அது உங்க தட்டுல உட்காரலைன்னா உங்களைப் பொறுத்தவரைக்கும் அது வெறும் தண்ணி.

நான் வேலைக்கு சேர்ந்தப்ப இதையெல்லாம் பார்க்க 72 குழி இருக்கற சின்ன பிளாஸ்டிக் ட்ரேதான், டெராசாகி ட்ரேன்னு பேரு, லாஸ் ஏஞ்சலிஸ்ல பால் டெராசாகி 1964-ல கொண்டு வந்த டெஸ்ட். ஒவ்வொரு குழியிலயும் எண்ணெய்க்கு அடியில ஒரு துளி சீரம், அதாவது குறிப்பிட்ட தட்டைப் புடிச்சு ஒட்டிக்கிற ரத்த நீர் இருக்கும், ஹாமில்டன் சிரிஞ்சை விரல்ல புடிச்சு ஒரு மைக்ரோலிட்டர் செல்லு ஒவ்வொண்ணுலயும் விடணும், கை நடுங்கினா பக்கத்து குழியில விழும், திரும்ப முதல்ல இருந்து. அப்புறம் சீரம் ஒட்டின செல்லைக் கொல்றதுக்கு முயல் ரத்தத்துல இருந்து எடுத்த காம்ப்ளிமென்ட், அப்புறம் ஈயோசின் சாயம். மைக்ரோஸ்கோப்ல பார்த்தா உசுரோட இருக்கற செல்லு சின்னதா பளபளன்னு தெரியும், செத்தது சாயத்தைக் குடிச்சு உப்பி செவசெவன்னு கிடக்கும். எல்லாம் செத்திருந்தா 8, ஒண்ணும் சாகலைன்னா 1, இப்படி மார்க் போட்டுக்கிட்டே போகணும். மத்தியானத்துக்குள்ள கழுத்து ஒரு பக்கமா புடிச்சுக்கும். இந்த தட்டு வரிசையிலயே முதல்ல கண்டுபிடிச்சது பாரீஸ்ல ழான் தோஸே, 1958-ல, ரத்தம் கொடுத்த ஆட்களோட பேர்ல இருந்து முதல் எழுத்தை எடுத்து மேக்-னு பேர் வச்சாரு. அதுதான் இன்னைக்கு நாம சொல்ற ஏ2. கேன்சர் பெப்டைட் மருந்துல நிறைய இந்த ஏ2-வை நம்பித்தான் நிக்குது, ஏன்னா வெள்ளைக்காரங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு இருக்கு, அவங்க ஊர்ல ஆராய்ச்சி பண்றவங்க அவங்க ஜனத்துக்கு அதிகமா இருக்கறதைத்தான் முதல்ல எடுப்பாங்க, அதைக் குத்தம் சொல்ல முடியாது.

மனுஷங்களோட டி செல்லு கேன்சரைத் தேடிப் புடிக்குதுன்னு ஜீன் வரைக்கும் போயி நிரூபிச்சது ஒரு ஜெர்மன் அம்மாவை வச்சு. மைன்ஸ் நகரத்துல மெலனோமா, அதாவது நிறம் கொடுக்கிற செல்லுல வர்ற கேன்சர் வந்தவங்க, ஆராய்ச்சியில அவங்களுக்கு எம்.இசட் 2-ன்னு பேரு. அவங்க கட்டியில இருந்து எடுத்த செல்லை அவங்களோட டி செல்லே கொல்லுறதை லேப்ல பார்த்தாங்க. எதைப் பார்த்து கொல்லுதுன்னு பிரஸ்ஸல்ஸ்ல தியெரி பூன் குழு வருஷக்கணக்கா தேடி 1991-ல ஒரு ஜீனைப் புடிச்சாங்க, மேஜ்-1-னு பேர் வச்சாங்க. அடுத்த வருஷமே அதுல இருந்து வெளிய வர்ற துண்டு 9 அமினோ அமிலம்தான், அது உட்கார்றது ஏ1 தட்டுலன்னும் தெரிஞ்சுபோச்சு. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த மேஜ் குடும்பத்து ஜீனெல்லாம் நல்லா இருக்கற செல்லுல தூங்கிக்கிட்டு இருக்கும், முழிச்சிருக்கறது முக்கியமா விதைப்பையில விந்து உண்டாகற செல்லுலதான், ஆனா அந்த செல்லு மேல எச்.எல்.ஏ தட்டே கிடையாது, அதனால டி செல்லு அங்க போயி ஒண்ணும் பண்ணாது. கேன்சர் செல்லு அந்த தூங்கற ஜீனை எழுப்பி விட்டுட்டு தட்டுலயும் எடுத்து வச்சு மாட்டிக்குது. அவ்வளவு பொருத்தமான அடையாளம், வேற என்ன வேணும்னு அன்னைக்கு எல்லாரும் நினைச்சிருப்பாங்க.

ஆனா நடந்தது அப்படி இல்லைங்க. மேஜ்-ஏ3 புரோட்டீனை வச்சு கிளாக்ஸோ கம்பெனி ஊசி பண்ணி நுரையீரல் கேன்சர்ல ஆபரேஷன் முடிஞ்ச 2,272 பேரை வச்சு டிரையல் நடத்தினாங்க, 2014-ல பலன் இல்லைன்னு நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு, இது கொஞ்சம் பயமான கதை. ஊசியா கொடுத்தா டி செல்லு பலமா வரலைன்னு, நோயாளியோட டி செல்லை வெளிய எடுத்து மேஜ்-ஏ3 துண்டை இன்னும் இறுக்கமா புடிக்கிற மாதிரி மாத்தி திரும்ப ஏத்தினாங்க. ரெண்டு பேருக்கு ஏத்தினாங்க, ரெண்டு பேருமே சில நாள்ல இதயம் நின்னு இறந்துட்டாங்க. ஏன்னு தேடிப் பார்த்தா இதயத் தசையில டைட்டின்னு ஒரு புரோட்டீன், நம்ம உடம்புலயே பெருசு அதுதான், அதுல இருந்து வர்ற ஒரு துண்டு அதே ஏ1 தட்டுல உட்கார்ந்திருக்கு. ரெண்டு துண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா 9-ல 5 எழுத்து அப்படியே ஒண்ணு. டி செல்லுக்கு அது மீன் முள்ளு மாதிரியே தெரிஞ்சிருக்கு. இத்தனைக்கும் ஏத்துறதுக்கு முன்னாடி லேப்ல டெஸ்ட் பண்ணித்தான் இருந்தாங்க, துடிக்கிற இதய செல்லை லேப்ல வளர்த்து வச்சுப் பார்த்தப்புறம்தான் விஷயமே வெளிய வந்துச்சு. 2013-ல எழுதி வெளியிட்டாங்க. ஒரே சாம்பிளை ரெண்டு தடவை போடச் சொல்ற டாக்டரை நாங்க லேப்ல திட்டியிருக்கோம், இதைப் படிச்சப்புறம் திட்டுறதை விட்டுட்டேன்.

இதெல்லாம் சொல்றதால ஒண்ணுமே ஆகலைன்னு நினைச்சுக்காதீங்க. 2022 ஜனவரியில டெபென்டாஃபஸ்ப்னு ஒரு மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க, கண்ணுக்குள்ள வர்ற மெலனோமாவுக்கு, ஜி.பி.100-ங்கற புரோட்டீனோட பெப்டைட் தட்டுல இருக்கறதைப் புடிச்சு டி செல்லைப் பக்கத்துல இழுத்துட்டு வர்ற மருந்து. 378 பேர்ல பார்த்தப்ப ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தது இந்த மருந்து எடுத்தவங்கள்ல 73 சதவீதம், மத்த மருந்து எடுத்தவங்கள்ல 59. 2024 ஆகஸ்ட்ல மேஜ்-ஏ4 பெப்டைடைப் புடிக்கிற டி செல் சிகிச்சைக்கும் அனுமதி வந்துச்சு, சைனோவியல் சார்கோமான்னு ஒரு அபூர்வமான கேன்சருக்கு. ஆனா ரெண்டுக்குமே ஒரு கதவு இருக்கு, அந்த கதவுல எச்.எல்.ஏ ரிசல்ட்டைக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க. முதல் மருந்துக்கு ஏ2-லயும் 02:01-ங்கற உள் ரகம்தான் வேணும். ரெண்டாவதுக்கு 02:01, 02:02, 02:03, 02:06-னு நாலு ரகத்தைச் சொல்லியிருக்காங்க. நம்ம நாட்டுல ஏ2 வர்ற ஆளுங்களுக்கு அடிக்கடி வர்றது 02:11, ஐரோப்பாவுல அதைப் பார்க்கறதே அபூர்வம். அந்த லிஸ்ட்ல 02:11 இல்லை. நம்ம ஊர்ல நிறைய வர்ற ஏ33, ஏ11, ஏ24 எல்லாம் கதவுக்கு வெளியதான். இதை ஒரு வரி நீங்க செய்தியில போட்டிருந்தா மதினி மாதிரி ஆளுங்க அந்த பேப்பரைக் கத்தரிச்சே இருக்க மாட்டாங்க.

எல்லாரும் பேசற எம்.ஆர்.என்.ஏ ஊசி இந்த கதவு பிரச்சனையை வேற வழியில தாண்டப் பார்க்குது, அதாவது ஆளுக்கு ஆள் தனியா தைக்கிற சட்டை மாதிரி. நோயாளியோட கட்டியையும் நல்ல ரத்தத்தையும் எடுத்து ஜீனை முழுசா படிச்சு, எங்கெங்க எழுத்து மாறியிருக்குன்னு பார்த்து, அந்த மாறின துண்டுகள்ல எது அவரோட தட்டுல உட்காரும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு, 34 துண்டு வரைக்கும் சேர்த்து அவருக்குன்னு ஒரு ஊசி. மாடர்னா பண்ணினதுல மெலனோமா ஆபரேஷன் முடிஞ்ச 157 பேர், எல்லாருக்கும் பெம்ப்ரோலிசுமாப் (டி செல்லோட பிரேக்கை எடுத்து விடற மருந்து) உண்டு, அதுல ஒரு பகுதி பேருக்கு இந்த ஊசியும் சேர்த்து. திரும்ப வர்றதோ இறக்கறதோ 44 சதவீதம் குறைஞ்சதுன்னு போட்டாங்க, நம்ம பேப்பர்ல எல்லாம் 44 பெருசா வந்துச்சு. அதையே இன்னொரு மாதிரி சொன்னா, ஒன்றரை வருஷத்துல நோய் திரும்பாம இருந்தது ஊசி போட்டவங்கள்ல 100-க்கு 79 பேர், போடாதவங்கள்ல 62 பேர். ரெண்டும் உண்மைதான், ஆனா ரெண்டாவதா சொன்னாத்தான் வீட்டுல உட்கார்ந்து படிக்கிறவங்களுக்குப் புரியும். அதுலயும் எல்லாரும் கட்டியை முழுசா எடுத்து முடிச்சவங்க, எங்க அண்ணன் மாதிரி கழுத்துல திரும்ப வந்து நிக்கிறவங்க இல்லை.

இப்ப நான் எழுத உட்கார்ந்ததுக்கு உண்மையான காரணம். மதினி என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே ஒரு இடத்துக்கு போயிட்டு வந்திருக்காங்க, எந்த ஊர்னு எழுத வேண்டாம். அங்க பெப்டைட் ஊசின்னு சொல்லி ஆறு டோஸ் பேக்கேஜ், லட்சக்கணக்குல ரேட் எழுதி கலர் பேப்பர்ல கொடுத்திருக்காங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், "மதினி, அண்ணனுக்கு எச்.எல்.ஏ டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னாங்களா? கட்டியோட பயாப்ஸி பிளாக்கைக் கேட்டாங்களா?" ரெண்டும் கேட்கலை. எந்த பெப்டைட்னு எழுதலை, எந்த தட்டுக்குன்னு எழுதலை, அட்வான்ஸ் எவ்வளவுன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. தட்டு என்னன்னே பார்க்காம பெப்டைட் விக்கிறது காலைப் பார்க்காம செருப்பு விக்கிற மாதிரிங்க. இந்த ரெண்டு கேள்வியை மட்டும் நீங்க ஒரு பெட்டிக்குள்ள போட்டு பெரிய எழுத்துல அச்சடிச்சா எத்தனை வீட்டு நகை தப்பிக்கும்.

அண்ணனோட டைப் என்னன்னு எனக்கு டெஸ்ட் எடுக்காமலே தெரியும். 2009-ல எங்க சின்ன அண்ணனுக்கு கிட்னி கொடுக்க இவருதான் முதல்ல கையை நீட்டினாரு, நானேதான் பார்த்தேன், ஏ11, ஏ33. நோட்டுல இன்னும் இருக்கு. ஏ2 கிடையாது. ஏ11-க்கு ஒரு நல்ல சேதி இருக்கு, கேராஸ்னு ஒரு ஜீன்ல 12-வது இடத்துல எழுத்து மாறினா அந்த துண்டு ஏ11-ல வந்து உட்காருது, அதைப் புடிக்கிற டி செல்லை வச்சு ஆராய்ச்சி போயிக்கிட்டு இருக்கு. ஆனா கேராஸ் அதிகமா மாறுறது கணையத்துலயும் பெருங்குடல்லயும், அண்ணனுக்கு வாயில.

இன்னொரு விஷயமும் எழுதிடறேன், இதைப் பத்தி தமிழ்ப் பேப்பர்ல பெருசா வந்ததா என் கண்ணுல படலை. மும்பை டாடா மெமோரியல்ல தலை கழுத்து கேன்சர் முத்திப்போன 151 பேரை வச்சு ஒரு டிரையல் பண்ணி 2022-ல வெளியிட்டாங்க. நிவோலுமாப்னு ஒரு மருந்து, டி செல்லுக்கு இருக்கற பிரேக்கை எடுத்து விடறது, பெப்டைடைப் பார்த்தும் சும்மா நிக்கிற டி செல்லு அப்பத்தான் வேலையை ஆரம்பிக்கும். இந்த மாதிரி பிரேக்கை எடுத்து விட்டு கேன்சரை எதிர்க்கலாம்னு காட்டினதுக்கு 2018-ல ஆலிசன், ஹோஞ்சோ ரெண்டு பேருக்கும் நோபல். முழு டோஸ் நம்மள மாதிரி குடும்பத்துக்கு எட்டாத விலை. இவங்க வழக்கமான டோஸ்ல பத்துல ஒரு பங்கு கூட இல்லாம, வெறும் 20 மில்லிகிராம், மூணு வாரத்துக்கு ஒரு தடவை, கூட வாயில போடற விலை குறைஞ்ச மாத்திரைகளும் சேர்த்து கொடுத்துப் பார்த்தாங்க. மாத்திரை மட்டும் எடுத்தவங்கள்ல ஒரு வருஷம் தாண்டினது 100-க்கு 16 பேர், இந்த சின்ன டோஸும் சேர்த்து எடுத்தவங்கள்ல 43 பேர். இது குணமாகிடும்னு சொல்ற மருந்து இல்லை, காலத்தைக் கூட்டிக் கொடுக்கிற மருந்து. ஆனா நம்ம நாட்டுல, நம்ம ஜனங்களுக்கு வர்ற கேன்சர்ல, நம்ம காசுக்குள்ள. இதுக்கு எச்.எல்.ஏ கதவும் கிடையாது, அவங்கவங்க தட்டுல இருக்கறதை அவங்கவங்க டி செல்லே பார்த்துக்கும். ரஷ்ய ஊசிக்கு கொடுத்த இடத்துல பாதியை இதுக்கு கொடுங்க, போதும்.

மதினியை அண்ணனோட கேன்சர் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயி இந்த சின்ன டோஸ் பத்தி கேட்டோம். அவரு முடியாதுன்னு சொல்லலை, ஒரு ஸ்கேன் எழுதி கொடுத்து செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்காரு. திரும்பி வர்றப்ப பஸ்ல, அந்த கட்டிங்கை ஃபைல்ல இருந்து எடுத்துடட்டுமான்னு கேட்டேன். "இருந்துட்டு போகட்டும்மா, அது என்ன இடத்தை அடைக்குது"ன்னு சொல்லிட்டு ஃபைலை மடியில வச்சுக்கிட்டாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன்,
மதுரை.